தெருவில் அக்கா, வகுப்பில் லீடர்

தேனி மாவட்டம் உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகும் சாலையில் இருக்கிறது அனுமந்தன்பட்டி. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் நெல் வயல்களும் தென்னந்தோப்புகளும் திராட்சைப் பந்தல்களும் சூழ்ந்த பள்ளத்தாக்கு. விடிவதற்கு முன்பே இந்தச் சாலையில் ஜீப்புகள் ஓடத் தொடங்கிவிடும். இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் அவை மலையேறும். அந்தப் பெண்கள் வீடு திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை வீட்டில் தம்பி தங்கைகளை எழுப்பிப் பல் விளக்க வைத்து, சோறு போட்டு, தலைசீவி, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது பல வீடுகளில் ஒன்பது பத்து வயது அக்காதான். சட்டைப் பொத்தானை எப்படிப் போடுவது, சாலையை எந்த இடத்தில் கடப்பது, மழை வந்தால் யார் வீட்டில் நிற்பது என்று சின்னப்பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய பாதிச் சங்கதி அவளிடமிருந்தே அவர்களுக்குப் போய்ச் சேர்கிறது.

பிள்ளைகள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது எந்த நாட்டிலும் உள்ளதுதான். யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கலாம், எந்தக் குரலில் சொல்லலாம், எவ்வளவு பக்கத்தில் உட்காரலாம், தெரியாதவனை என்ன செய்யலாம் என்பவற்றை அந்தந்த ஊரின் பழக்கவழக்கம் தீர்மானிக்கிறது. கற்றுக்கொடுக்கும் அருமையான பழக்கம் ஒன்று நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. பள்ளிக்கூடம் அதை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வரச் சொல்கிறது. இந்த வருத்தத்தைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

அனுமந்தன்பட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு வீட்டு வாசற்படியில் சொட்டாங்கல் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மூன்று பெரிய பிள்ளைகள், ஐந்து வயதிருக்கும் ஒரு சின்னவள். சின்னவளை உப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்திருந்தார்கள். முறை வரும்போது அவளும் கல்லை வீசலாம். தவறவிட்டால் அவுட் கிடையாது. ஐந்து கல்லும் அவள் கைக்குள் அடங்கவில்லை. பத்து வயது அக்கா எதையும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்து நாலு கல்லாக்கினாள். பிறகு தன் கையைத் தங்கையின் கைக்கு அடியில் கொடுத்து, மேலே போன கல் விழும் இடத்துக்கு நகர்த்தினாள். “கல்லப் பாரு, கையப் பாக்காத” என்றாள். அவள் பேசியது அவ்வளவுதான். நாலைந்து தடவை தவறியது. ஒரு தடவை கல் உள்ளங்கையில் விழுந்து நின்றது. யாரும் கைதட்டவில்லை. ஆட்டம் அடுத்தவளுக்குப் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் ஆட்டம் மாறியது. டீச்சர் விளையாட்டு. அதே அக்கா வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்துக்கொண்டாள். துண்டைச் சேலை முந்தானைபோல் தோளில் போட்டுக்கொண்டாள். படியின் மேலே ஏறி நின்றாள். “எல்லாரும் கையக் கட்டு. வாயில வெரலு வையி.” இரண்டாம் வாய்ப்பாட்டை அவள் சொல்ல, மற்றவர்கள் கீழே உட்கார்ந்து திருப்பிச் சொன்னார்கள். ஐயிரண்டில் வந்து சின்னவள் தடுமாறினாள். குச்சி படியில் தட்டப்பட்டது. “நேத்தே சொல்லிக் குடுத்தேன்ல? எந்திரி, நில்லு.” சின்னவள் முகம் வாட எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஒரே பிள்ளை, ஒரே மதியம். முதல் ஆட்டத்தில் தங்கையின் கைக்கு ஏற்ப விதியையே தளர்த்தியவள், இரண்டாவது ஆட்டத்தில் விதிக்கு ஏற்பத் தங்கையை நிற்க வைத்தாள். முதலாவதை அவள் பாட்டியிடமும் தெருவிலும் கற்றாள். இரண்டாவதைப் பள்ளிக்கூடம் என்ற ஒன்றைப் பற்றி நாம் எல்லோரும் சேர்ந்து அவள் மனதில் உண்டாக்கி வைத்திருக்கும் உருவத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். இன்று குச்சி எடுக்காத ஆசிரியர்கள் ஏராளம். ஆனாலும் டீச்சர் விளையாட்டு என்றால் பிள்ளைகளுக்கு முதலில் தேவைப்படுவது குச்சியாகவே இருக்கிறது.

உப்புக்குச் சப்பாணி என்ற ஏற்பாட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தப் பெயரில் உடல் ஊனத்தைக் குறைத்துப் பேசும் வாடை இருக்கிறது, பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஏற்பாடு அபாரமானது. தெரியாத பிள்ளையை, தெரிந்துகொண்டு வா என்று வெளியே நிறுத்தாமல், முழு ஆட்டத்துக்கு நடுவில் உட்கார வைக்கிறார்கள். தவறுக்குத் தண்டனை இல்லை. ஆனால் முறை உண்டு. அவள் எப்போது முழு ஆட்டக்காரி ஆகிறாள் என்பதற்கு ஒரு தேர்வும் கிடையாது. ஒருநாள் யாரோ, “இனிமே இவளும் அவுட்டுதான்” என்பார்கள். அன்றைக்கு அவளுக்கு இருக்கும் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. கிட்டிப்புள், பாண்டி, கபடி எல்லாவற்றிலும் இந்த வழக்கம் உண்டு. பையன்கள் வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் போடக் கற்றதும், பெரிய பையன்கள் இடுப்பில் கயிறு கட்டிக் கிணற்றில் இறக்கிவிட நீச்சல் பழகியதும் இந்த வழியில்தான். பெரியவர் யாரும் உட்கார்ந்து உருவாக்காத இந்தக் கல்விமுறையைப் பிள்ளைகளே தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வந்திருக்கிறார்கள்.

மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் சினகாந்தான் என்ற ஊரில் மாயா இனப் பிள்ளைகளிடம் ஆஷ்லி மேனார்ட் என்ற உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்தார். மூன்று முதல் பதினோரு வயது வரையிலான பிள்ளைகள், இரண்டு வயதுத் தம்பி தங்கைகளுக்கு வீட்டு வேலைகளையும் விளையாட்டுச் சமையலையும் எப்படிக் கற்றுத்தருகிறார்கள் என்று பதிவு செய்தார். 2002-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, ஏறக்குறைய எட்டு வயதில் அந்தப் பிள்ளைகள் தேர்ந்த ஆசிரியர்களாகிவிடுகிறார்கள். வேலையைச் சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள், செய்து காட்டுகிறார்கள், உடம்பைத் தொட்டுத் திருத்துகிறார்கள், செய்துகொண்டே பேசுகிறார்கள். அடுத்து, பள்ளிக்குப் போன பிள்ளைகளையும் போகாத பிள்ளைகளையும் ஒப்பிட்டபோது, பள்ளிக்குப் போனவர்கள் சற்றுத் தள்ளி இருந்துகொண்டு வாயால் சொல்லிக்கொடுக்கும் போக்குக்கு மாறியிருந்ததையும் அவர் கண்டார். அனுமந்தன்பட்டி வாசற்படியில் நான் பார்த்த இரண்டு ஆட்டங்களுக்கும் இடையில் இருந்த தூரமும் இதே தூரம்தான்.

குவாதமாலாவில் நடந்த இன்னொரு ஆய்வும் நம் ஊர்ப் பள்ளிகளுக்கு நேரடியாகப் பொருந்தும். மரிசெலா கொரியா சாவேஸ், பார்பரா ரோகாஃப் இருவரும் 2009-ல் வெளியிட்டது. ஒரு பிள்ளைக்குப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுக்கும்போது, பக்கத்தில் சும்மா காத்திருக்கும் உடன்பிறப்பு என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். பழைய வாழ்முறையில் வளர்ந்த மாயா பிள்ளைகள், தமக்குச் சொல்லப்படாத பாடத்தையும் கூர்ந்து கவனித்தார்கள். அமெரிக்காவில் வளர்ந்த ஐரோப்பிய வம்சாவளிப் பிள்ளைகளிடம் அந்தக் கவனம் குறைவு. இப்படிக் கவனித்திருந்த பிள்ளைகளுக்குப் பின்னால் அதே பொம்மையைச் செய்யும்போது குறைந்த உதவியே தேவைப்பட்டது. தாய் நீண்ட காலம் பள்ளியில் படித்த குடும்பங்களின் மாயா பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில் இருந்தார்கள். எதைக் கவனிப்பது என்பதுகூட வளர்ப்பில் வருகிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் எத்தனையோ தொடக்கப் பள்ளிகள் ஈராசிரியர் பள்ளிகள். ஓர் ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்துகிறார். இரண்டாம் வகுப்புப் பிள்ளை நாலாம் வகுப்புப் பாடத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது. இதை நாம் ஒரு பற்றாக்குறையாக மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். ஆசிரியர் பணியிடங்களை நிரப்பத்தான் வேண்டும். அதே நேரத்தில், காதில் விழும் மேல்வகுப்புப் பாடத்தைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளின் திறமையைக் கவனச் சிதறல் என்று சொல்லி, “உன் புத்தகத்தப் பாரு” என்று அதட்டுவதை நிறுத்தலாம்.

சக மாணவர் வழிக் கற்றலைப் பற்றிப் பேசும்போது, அது வெளிநாட்டிலிருந்து வந்த புதிய முறை என்பதுபோலப் பலர் பேசுகிறார்கள். உண்மையில் இந்த முறை நம் மண்ணிலிருந்து கப்பலேறிப் போய், உருமாறித் திரும்பி வந்தது.

ஆண்ட்ரூ பெல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் பிறந்த பாதிரியார். 1789-ல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்தும் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் காலை குதிரையில் போகும்போது வழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். அவரிடம் வேலை பார்த்த உதவி ஆசிரியர்கள் அது முடியாது என்றார்கள். பெல் அந்த வகுப்பை எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் ஒப்படைத்தார். பெயர் ஜான் ஃப்ரிஸ்கென். பெரியவர்கள் முடியாது என்றதை அந்தப் பையன் செய்து காட்டினான். பிறகு வகுப்புக்கு வகுப்பு பிள்ளைகளே பிள்ளைகளுக்கு ஆசிரியரானார்கள். 1796-ல் பெல் ஊர் திரும்பி, மறு ஆண்டு லண்டனில் தம் சோதனையை நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் லண்டனில் இதையொட்டிய முறை ஒன்றை நடத்தினார். 1811-ல் ஆங்கிலத் திருச்சபை சார்பில் தொடங்கிய தேசியக் கழகம் பெல்லின் முறையிலேயே ஆயிரக்கணக்கான பள்ளிகளை நிறுவியது. செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளி இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே அழைக்கப்படுகிறது.

எழும்பூர்ச் சாலையில் பெல் பார்த்தது ஒரு சின்னத் திண்ணை. பல வயதுப் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒருவன் முறை சொல்ல மற்றவர்கள் பின்னால் சொல்லி, பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் எண்சுவடியும் மனப்பாடம் செய்த இடம். லண்டனில் அது நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் வரிசை வரிசையாக அடைத்து, ஒரே ஒரு ஆசிரியர் சம்பளத்தில் முடித்துக்கொள்ளும் ஏற்பாடாக மாறியது. லங்காஸ்டர் ஒரே ஆசிரியரைக் கொண்டு ஆயிரம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த முடியும் என்றார். ஆலைகள் பெருகிய காலம் அது. பிள்ளைகள் கற்பிக்கும் முறையும் ஆலையின் மேஸ்திரி முறையாகிவிட்டது. மேலே ஒருவன், கீழே பத்துப் பேர், கையில் பட்டியல். இந்த வடிவத்தைத்தான் நவீனப் பள்ளிக்கூடம் என்ற பெயரில் நாம் திரும்ப வாங்கிக்கொண்டோம். இன்றைக்கும் ஆசிரியர் வெளியே போனால் லீடர் எழுந்து கரும்பலகையில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டுப் பெயர் எழுதத் தொடங்குகிறான். பிள்ளைகளில் ஒருவருக்கு நாம் கொடுக்கும் முதல் பொறுப்பே கூடப் படிப்பவர்களைக் காட்டிக்கொடுப்பதாக இருக்கிறது. இதை நான் மிகக் கடுமையாகவே எதிர்க்கிறேன்.

இதற்காகத் திண்ணைப் பள்ளியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் முடியாது. அங்கும் சட்டாம்பிள்ளை உண்டு. உபாத்தியாயர் இல்லாத நேரத்தில் அவன் வைத்ததே சட்டம். உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் அந்தப் பள்ளிகளையும் அவற்றின் தண்டனைகளையும் எழுதி வைத்திருக்கிறார். அதைவிடப் பெரிய குறை, திண்ணையில் யாருக்கு இடம் இருந்தது என்பது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் கேட்டு வாங்கிய பள்ளிக் கணக்கு 1826-ல் தொகுக்கப்பட்டது. 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்தார்கள். அதில் பெண் பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. தாழ்த்தப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குத் திண்ணை பெரும்பாலும் மூடியே இருந்தது. ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் முதலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். நம் பண்பாடு அதைத்தான் மறுத்து வைத்திருந்தது.

இப்போது வகுப்பறைக்கு வருவோம். சக மாணவர் ஒருவருக்கொருவர் கற்றுத்தர வேண்டும் என்று 2020-ம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையும் சொல்கிறது, அதற்கு முன்பே பல பயிற்சி முகாம்களும் சொல்லிவிட்டன. ஆனால் நன்றாகப் படிக்கும் பையனை அதே வகுப்பில் திணறும் பையனோடு உட்கார வைத்தால் நம் ஊரில் என்ன நடக்கிறது? “நீ என்ன பெரிய வாத்தியாரா?” என்று திணறுபவன் முறைக்கிறான். சொல்லிக்கொடுப்பவனுக்கும் உள்ளூர ஒரு பயம். இவன் தேறிவிட்டால் தன் இடம் போய்விடுமோ என்று. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வுகளில் முதலிடம் பெற்றவர்களின் பட்டியல் வெளியிடுவதைத் தமிழக அரசு 2017-ல் நிறுத்தியது. நல்ல காரியம். ஆனால் வகுப்புக்குள் முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் என்ற பேச்சு ஓயவில்லை. விடைத்தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதப் பழகிய பிள்ளை, அதே கையால் அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அதே பையன் ஐந்தாம் வகுப்பு அண்ணனிடம் கேட்டுக்கொள்ள வெட்கப்படுவதில்லை. நம் ஊரில் ஒரு வயது கூடுதல் என்றாலே அண்ணன், அக்கா என்ற முறை வந்துவிடுகிறது. அந்த முறையோடு ஒரு கடமையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அண்ணனிடம் தோற்றால் அவமானமில்லை. தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தால் அண்ணனுக்கு நஷ்டமில்லை. எனவே நம் பிள்ளைகளிடம் கற்பித்தல் இயல்பாக ஓடுவது வயது ஏறி இறங்கும் திசையில்தான். பள்ளிக்கூடமோ ஒரே ஆண்டில் பிறந்தவர்களை ஒரே அறையில் போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறது. பிறகு, ஏன் இவர்கள் ஒருவருக்கொருவர் உதவுவதில்லை என்று வருத்தப்படுகிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கதவைத் திறந்து பார்த்த ஒரு முயற்சி செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷிவேலியில் ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவான முறையிலிருந்து கற்றுக்கொண்டு, 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் எம்.பி.விஜயகுமார் கொண்டுவந்தார். 2007-08-ல் மாநிலமெங்கும் அரசு, உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிந்தது. ஒன்று முதல் நான்கு வரையிலான வகுப்புப் பிள்ளைகள் கலந்து, தரையில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்தார்கள். பாடம் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, ஏணிப்படி வரைபடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறியது. ஆசிரியர் உதவியோடு படிக்கும் குழு இருந்ததுபோலவே, சக பிள்ளையின் உதவியோடு படிக்கும் குழுவும் முறையாக இருந்தது. சுவரைச் சுற்றி ஓர் ஆள் உட்கார்ந்தால் எட்டும் உயரத்தில் கரும்பலகைகள்.

அது தேய்ந்துபோனதற்கு நிர்வாகக் காரணங்கள் பல. ஆனால் பெற்றோர் சொன்ன குறையை நாம் சரியாகக் காதில் வாங்கவில்லை. “பள்ளிக்கூடத்துல பாயில உக்காந்து சீட்டு விளாடுற மாதிரி விளாடுதுக, வாத்தியாரு நின்னு பாடமே எடுக்கலயே” என்ற ஆதங்கம் தேனி மாவட்டத்தில் மட்டும் எழுந்ததல்ல. கற்பிப்பவர் நிற்க வேண்டும், கற்பவர் உட்கார வேண்டும், நோட்டில் வீட்டுப்பாடம் இருக்க வேண்டும். கூலிக்குப் போய்ப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய்க்கு, பக்கத்து ஆங்கிலவழிப் பள்ளியில் தெரிவது இந்தக் காட்சி. தன் பிள்ளைக்கு மட்டும் அது மறுக்கப்படுகிறதோ என்று அவர் அஞ்சியதில் தவறில்லை. தெருவில் அக்கா சொல்லிக்கொடுத்துப் பிள்ளை தேறுவதை அவர் தினமும் பார்க்கிறார். அதுவும் படிப்புதான் என்று அவரிடம் உட்கார்ந்து பேசியவர்கள் மிகக் குறைவு. பெற்றோர் கண்ணில் மதிப்பில்லாத ஒரு கற்பிக்கும் முறை பள்ளியில் நீடிக்காது.

கரோனாவுக்குப் பிறகு 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி வேறு விதமாகப் பலித்தது. மாலையில் தெருவிலேயே, அந்தத் தெருவில் உள்ள தன்னார்வலர் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் இளம்பெண்கள். பிள்ளைகள் அவர்களை டீச்சர் என்று கூப்பிட்டதைவிட அக்கா என்று கூப்பிட்டதே அதிகம். அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழகக் கிராமப்புறப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், பெருந்தொற்றால் ஏற்பட்ட கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் மீண்டதும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்ததும் தெரிந்தது. தன்னார்வலர்கள் பிள்ளைகள் அல்லதான். ஆனால் தெருவில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த உறவுமுறையின் மேல் ஏறி அந்தத் திட்டம் நடந்தது. அதற்கு எந்த வீட்டிலும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுப்பது எல்லாமே நல்லதாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. சாதியையும் அவர்கள் இப்படித்தான் கைமாற்றுகிறார்கள். எந்த நிறக் கயிறு யாருடையது, யாரை வேலை ஏவலாம், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று எந்தப் பாடநூலிலும் இல்லை. பெரிய பையன் சின்னவன் மணிக்கட்டில் கட்டிவிடுகிறான். அதே நெருக்கத்தோடு, அதே கையைப் பிடித்து. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனும் அவன் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்களில் உடன் படித்த மாணவர்கள் இருந்தார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறுகளுக்குத் தடை, அகர வரிசைப்படி இருக்கை என்பவை அதன் பரிந்துரைகளில் அடக்கம். அகர வரிசை என்பது சின்ன விஷயம்போலத் தோன்றும். யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதே யார் யாரிடம் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை முடிவு செய்கிறது. அதனால் அந்தப் பரிந்துரையை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஒரு தெருப் பிள்ளைக்கு இன்னொரு தெருவில் அக்கா கிடைப்பதை ஊர் தானாக நடத்திவைக்காது. பள்ளிக்கூடத்தால் முடியும், தமிழ்நாட்டுக் கிராமத்தில் அதற்குக் கூரை போட்ட வேறு இடமும் இல்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கற்றுக்கொடுக்கும் அந்த அக்காவின் படிப்பு என்ன ஆகிறது? அம்மா தோட்டத்துக்குப் போன வீட்டில் தம்பிக்குக் காய்ச்சல் என்றால் லீவு போடுவது அவள்தான். மாலையில் தங்கைக்கு எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்து, பாத்திரம் கழுவி, தண்ணீர் பிடித்து வைத்த பிறகு தன் புத்தகத்தைத் திறக்கத் தூக்கம் வந்துவிடும். அவளைவிட இரண்டு வயது மூத்த அண்ணனை யாரும் இந்த வேலைக்குக் கூப்பிடுவதில்லை. கற்பித்தல் நம் வீடுகளில் பாசம் என்ற பெயரில் பெண் பிள்ளைகளின் தலையில் இறங்கியிருக்கிறது. பள்ளியும் அதே வழியில் பொறுப்பான பெண் பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்துப் பின்தங்கியவர்களோடு உட்கார வைத்தால், நாம் செய்வது இன்னொரு சுமையை ஏற்றுவதுதான். பையன்களுக்கும் இந்தக் கடமை வர வேண்டும். கயிறு கட்டி நீச்சல் சொல்லித்தரத் தெரிந்த பையனுக்குத் தமிழ் எழுத்துகளும் சொல்லித்தரத் தெரியும். சொல்லிக்கொடுப்பவரும் அதனால் தம் பாடத்தில் கூர்மையாக வேண்டும். அந்தளவுக்கு மட்டுமே அந்த நேரம் நீள வேண்டும்.

அனுமந்தன்பட்டி போன்ற ஊர்களின் தொடக்கப் பள்ளிகளில் நாளை காலையே செய்யக்கூடியதைச் சொல்கிறேன். வாரத்தில் இரண்டு பாடவேளைக்கு வகுப்புச் சுவரை மறந்துவிடலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்பிலிருந்து ஒரு தம்பியோ தங்கையோ. தெரு மாறி, சாதி மாறி, ஆணும் பெண்ணும் கலந்து. பருவத்துக்கு ஒருமுறை ஜோடி மாற வேண்டும். கணக்கிலோ ஆங்கிலத்திலோ பின்தங்கிய ஐந்தாம் வகுப்புப் பையனுக்கும் கட்டாயம் ஒரு தம்பி உண்டு. இரண்டாம் வகுப்புக் கழித்தலைத் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கும் சாக்கில், தான் விட்டுவிட்ட கழித்தலை அவன் மானம் போகாமல் மறுபடி படித்துக்கொள்ளலாம். குச்சி கூடாது, பெயர்ப் பட்டியல் கூடாது, மதிப்பெண் கூடாது. சின்னப்பிள்ளை தவறவிட்டால் அவுட் இல்லை என்ற தெரு விதியே அங்கும் விதியாக இருக்கட்டும். ‘பேசியவர்கள்’ பட்டியல் எழுதும் வழக்கத்தை எல்லா வகுப்பிலும் அன்றோடு நிறுத்திவிடலாம். ஆசிரியர் அந்த நேரத்தில் நடந்து பார்க்க வேண்டும். எந்தப் பிள்ளை எந்த இடத்தில் கல்லை ஒன்று குறைக்கிறது என்று குறித்துக்கொண்டால், மறுநாள் அவர் எடுக்கப்போகும் பாடத்துக்கு அதைவிட நல்ல குறிப்பு கிடைக்காது.

பெற்றோரையும் அந்த வேளையில் உள்ளே கூப்பிட வேண்டும். தோட்டத்துக்குப் போகும் தாய்மார் வார நாளில் வர முடியாது. எனவே முதல் நாளை அவர்கள் வீட்டில் இருக்கும் ஒரு விடுமுறை நாளில் வைத்துக்கொள்ளலாம். இதற்குத் தனி அரசாணையும் தேவையில்லை, நிதியும் தேவையில்லை. அரசுப் பள்ளிகள்தோறும் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. குடிநீர்த் தொட்டி, கழிப்பறை, சுற்றுச்சுவர் என்று தீர்மானம் போடும் அதே கூட்டத்தில், தலைமையாசிரியர் இதையும் ஒரு தீர்மானமாக வைத்து அடுத்த வாரமே தொடங்கிவிடலாம்.